இடது ஷூவில் ஓர் இலை

வலது ஷூ சமத்தாகக் கையோடு வந்துவிட்டது. இடது ஷூதான் வரமாட்டேன் என்றது. இழுத்தால், பின்னாலிருந்து ஏதோ தன் பக்கம் இழுத்தது. குனிந்து பார்த்தாள். ஷூ அலமாரியின் பின்புறமாக வந்த ஐவிக் கொடி, ஷூவின் இருட்டுக்குள் புகுந்து நிறைந்திருந்தது. ஐந்து முனை கொண்ட ஒரே ஓர் இலை மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக் காலை வீட்டுக்காரருக்கு இண்டர்வியூ. அண்ணன் யார் யாரையோ கெஞ்சி வாங்கிக் கொடுத்த வாய்ப்பு, இதையும் விட்டால் அண்ணன் முகத்தில் விழிக்க முடியாது. சலவைக் கடையில் பகலெல்லாம் ஊரார் சட்டைக்கு இஸ்திரி போட்ட கை, வீட்டுக்கு வந்து இவர் சட்டைக்கும் போட்டாயிற்று. ஷூவுக்குப் பாலிஷ் போடலாம் என்று வந்தால் இந்தக் கூத்து.

"என்னங்க! உங்க செடி ஷூவுக்குள்ள குடித்தனம் நடத்துது. வந்து பாருங்க!"

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

நாளைக்கு! லிஃப்ட் கம்பெனியை மூடியதிலிருந்து இந்த ஒரு வார்த்தைதான். மாடி மாடியாக ஏறி இறங்கி லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனிதர், ஹால் மூலையில் சாய்வு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்தான். கெஞ்சினாள், கத்தினாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். இடித்த புளி மாதிரி அசையவில்லை. தண்ணீர் ஊற்றவாவது எழுந்திருப்பாரே என்று அவள்தான் அந்த ஐவித் தொட்டியை வாங்கிவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்போது அது முழ நீளம்தான் இருந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று அவர் திரையை மூடச் சொன்னார், லைட்டும் வேண்டாம் என்றார். தினமும் இருட்டிலேயே தட்டை வைத்து, இருட்டிலேயே எடுத்துக்கொண்டிருந்தாள்.

இன்று வேலை முடிந்து வரும்போது செடிக் கடைக்காரம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

"ஜன்னல் பக்கம் போகாம வீட்டுக்குள்ளயே சுத்துதே, என்ன செடி குடுத்தீங்க?"

"இளங்கொடி இருட்டைத் தேடித்தாம்மா போகும். இருட்டு இருக்கிற பக்கந்தானே பெரிய மரம் இருக்கும்? ஒண்ணும் கெடைக்கலைன்னா தரையில படரும். அசையாம எது நின்னாலும் வேர் விட்டு ஒட்டிக்கும்."

"எவ்வளவு தூரம் போகும்?"

"மாடி உயரம் சாதாரணமா ஏறும். உச்சியைத் தொட்டுட்டா அப்புறம் கொடியாவே இருக்காது. இலையில முனையெல்லாம் போயிடும், தண்டு தடிச்சுடும். பிடிமானமே வேண்டாம், தானா நிக்கும்." கடைக்காரம்மா சிரித்தாள். "உங்க வீட்டுல எதைப் பிடிச்சு ஏறுது?"

"வேற எதை, சுவரைத்தான்" என்று எரிந்து விழுந்துவிட்டு வந்தாள்.

இப்போது கத்தரிக்கோலை எடுத்துவந்து, ஷூவின் பின்னால் கொடியைப் பிடித்து நறுக்கினாள். ஹாலில் நாற்காலி கிரீச்சிட்டது.

"மெதுவா" என்றார்.

"ஆமா, செடிக்கு வலிச்சிடும்! பொண்டாட்டிக்குத்தான் எதுவும் வலிக்காது!"

உள்ளே இருந்ததைப் பிய்த்து எடுத்தாள். வேரும் தண்டுமாக ஷூவின் அச்சிலேயே கட்டியாக வந்தது, எதிர்பார்த்ததைவிடக் கனமாக. ஈர மண் வாடை. அதற்கு அடியில், நாளெல்லாம் போட்டுக் கழற்றிய சாக்ஸின் வாடை. முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைச் சமையலறைக் குப்பைக்கூடையில் போட்டு மூடினாள்.

விடுவதாக இல்லை. ஒரு கையில் சட்டையும் ஷூக்களும், மறு கையில் கத்தரிக்கோலுமாகக் கொடி வந்த வழியே நடந்தாள். சுவரோரமாக, ஃபிரிட்ஜின் முனகலைத் தாண்டி, காலண்டர் தாள் தானாகப் படபடக்கும் நடையைத் தாண்டி, அது குளியலறை வாசலை ஒட்டி ஹாலுக்குப் போயிற்று. வாசலில் அவள் கால் நின்றது. அவருடைய துண்டு விறைத்துக் காய்ந்திருந்தது. சோப்பு வெடித்திருந்தது. பிரஷ்ஷில் தூசி. கடைசியாக இவர் எப்போது இங்கே வந்தார்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

ஹாலில் மூச்சுவிட முடியாத பச்சை வாடை. இருட்டில் நாற்காலி முதுகுக்கு மேல் அவர் தலை தெரிந்தது. தினமும் பார்க்கும் தலைதான். அதை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

"என்னங்க, எந்திரிங்க. சட்டையைப் போட்டுப் பாருங்க."

"எந்திரிக்கிறேன்."

"எப்பவும் இதையேதான் சொல்றீங்க! இன்னைக்கு எந்திரிச்சே ஆகணும்!" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஸ்விட்சைத் தட்டினாள்.

டியூப்லைட் சிமிட்டியது. இருட்டு. மறுபடி சிமிட்டியது. நின்று எரிந்தது.

தொட்டியிலிருந்து கொடி நாற்காலிக் காலில் ஏறியிருந்தது. அங்கேயே முடிந்துவிட்டது. அவள் வெட்டிய கொடி தொட்டியிலிருந்து வரவில்லை. அவருடைய பேண்ட்டின் இடது காலுக்குள்ளிருந்து வந்தது.

காலருக்கு மேலே இலைகள். காதில் இலைகள். உச்சந்தலையில் கொத்தாக.

ஒன்றிலும் முனை இல்லை. எல்லாம் வட்டம்.

கையிலிருந்தவை நழுவி விழுந்தன. ஓட வேண்டும். ஓட முடியவில்லை.

"கோவிச்சுக்காதே" என்றார். இலைகள் சலசலத்தன. "இதோ, எந்திரிச்சுட்டேன்."

எழுந்தார். கையை ஊன்றவில்லை. எதையும் பிடிக்கவில்லை. முதுகில் ஒட்டிய நாற்காலியும் கூடவே எழுந்தது.

வலது பேண்ட் காலிலிருந்து தண்டுகள் இறங்கின. தரையில் ஊர்ந்தன. விழுந்து கிடந்த வலது ஷூவுக்குள் புகுந்தன. ஷூ உப்பியது. நிமிர்ந்தது. அவள் பக்கம் ஓர் அடி வைத்தது.

இடது பக்கம், நடையிலிருந்து கொடி சரசரவென்று திரும்பி வந்தது; வெட்டுப்பட்ட முனை சொட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்குப் போகணும்ல" என்றது அவர் குரல். "என் இன்னொரு கால் எங்கம்மா?"

சமையலறையில், குப்பைக்கூடையின் மூடியை உள்ளேயிருந்து ஏதோ மெல்லத் தட்டியது.