கையில் இருப்பது மட்டும்

காலையில் வாங்கிவந்த பால் பத்து மணிக்குள் நூல் நூலாக வந்தது. ஞானதாஸ் பாக்கெட்டைக் கவிழ்த்ததும் தம்ளருக்குள் சளி மாதிரி ஒரு கட்டி சொத்தென்று விழுந்து, வால் மட்டும் அறுபடாமல் பாக்கெட்டோடு ஒட்டித் தொங்கியது. சீச்சீ என்று தொட்டியில் எறிந்தான். திருப்போரூர் பால்கடைக்காரனை மனசுக்குள் நாலு திட்டு திட்டிவிட்டு, வரக்காப்பியோடு கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை. விடிந்தால் டெமோ.

வேலை இதுதான். ஜாவாவில் எழுதிய புரோகிராம் ஓடுவதற்கு ஒரு மெஷின் வேண்டும். இரும்பு மெஷின் இல்லை, மெஷின் வேஷம் போடும் இன்னொரு புரோகிராம். மலிவான செல்போனுக்குள் அடங்குகிற மாதிரி அதை சி மொழியில் எழுதித் தரச் சொல்லியிருந்தது சிறுசேரி ஆபீஸ். எல்லாம் முடிந்துவிட்டது, குப்பை அள்ளுவது மட்டும் பாக்கி. ஓடுகிற புரோகிராம் மெமரியில் எதையெதையோ உண்டாக்கிப் போட்டுக்கொண்டே போகும். எங்கிருந்தாவது ஒரு பிடி இருந்தால் அந்தப் பொருளை விட்டுவைக்க வேண்டும், பிடி இல்லாததை அள்ளிவிட வேண்டும். எல்லா இடத்திலும் தேடிப் பார்த்தால் போன் திணறியது. ஞானதாஸ் குறுக்குவழி பிடித்தான்: இந்த நிமிஷம் கையில் இருப்பதை மட்டும் பார், மற்றதெல்லாம் குப்பை. தப்பு என்று அவனுக்கே தெரியும். டெமோ தாண்டினால் சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"ஞானம்... தண்ணி."

பின்னறையில் அப்பா ஏசுதாஸ். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததிலிருந்து கட்டில்தான். மற்ற நாளில் மருமகள் ஜெசிந்தா பார்த்துக்கொள்வாள். அவள் தங்கச்சி பிரசவத்துக்குச் செங்கல்பட்டு போயிருந்தாள். இன்றைக்கு அந்த மனுஷனுக்கு ஞானதாஸை விட்டால் நாதியில்லை.

"தோ வரேன் நைனா," என்றான், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஓட்டிப் பார்த்தான். அள்ளியது. என்னமாய் அள்ளியது! குஷி தாங்காமல் திரும்பத் திரும்ப ஓட்டினான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தோடு ஈரமாக ஒரு நாற்றம் வீட்டுக்குள் ஊறத் தொடங்கியது, முதலில் காயாத துணியின் வாடையாக, பிறகு இனிப்பாக, பிறகு தொண்டைக்குழியில் வந்து உட்கார்ந்துகொண்டு எச்சில் விழுங்கினால் கூடவே வயிற்றுக்குள் இறங்குகிறதாக.

பசி எடுத்ததும் சமையலறைக்குப் போனான். வாழைப்பழத்தைத் தொட்டான், தோல் விரலோடு வந்தது, உள்ளே சாம்பல் நிறத்தில் கூழ். காலையில் மஞ்சளாக இருந்த பழம். இட்லி மாவு கருத்து நீர் கக்கியிருந்தது. சோப்பு மேடையெல்லாம் கரைந்து வழிந்திருந்தது. கடைக்குப் போகலாம் என்று செருப்பை எடுத்தால், தோல் வார் பச்சை மாமிசம் போல நெகிழ்ந்து விரலைச் சுற்றிக்கொண்டது. உதறி எறிந்தான். எத்தனை முறை கழுவினாலும் கையில் பிசுக்கு போகவில்லை.

செல் அடித்தது. ஜெசிந்தா.

"இன்னாங்க, மாமாவுக்குக் கஞ்சி குடுத்தீங்களா?"

"குடுத்துட்டேன்."

"திருப்பிப் படுக்க வெச்சீங்களா? ஒரே பக்கம் கெடந்தா முதுகு புண்ணாயிடும்."

"ஆச்சு ஆச்சு. வேலைல கீறேன், வை."

கூசாமல் பொய் சொன்னான். இதோ போகிறேன் என்று நினைத்துக்கொண்டே இன்னொரு முறை ஓட்டினான். அப்புறம் இன்னொரு முறை.

ஜன்னலில் வெளிச்சம் மங்கியபோதுதான் உறைத்தது. காப்பித் தம்ளர் சுத்தமாக இருந்தது. கீபோர்டு சுத்தம். நாற்காலி, செல், கட்டியிருந்த லுங்கி, எல்லாம் சுத்தம். அவன் கையில் இருந்தவை. அழுகியதெல்லாம் அவன் மறந்தவை.

வயரைப் பிடுங்கினான். திரை அணைந்தது. நாற்றம் அப்படியே இருந்தது.

வேறு எதை மறந்தேன்?

பின்னறையில் குரல் எப்போது நின்றது?

"நைனா?"

மழை மட்டும். கதவுக்கு அடியில் தரை மினுமினுத்தது. கால் பட்டது. வெதுவெதுப்பு. வழுக்கியது.

கதவைத் தள்ளி லைட்டைப் போட்டான்.

கட்டிலில் போர்வை கிடந்தது. அதற்குக் கீழே மேடு இல்லை. ஓரங்களில் கொழகொழவென்று வழிந்துகொண்டிருந்தது. தலையணையில் நரைமுடி மட்டும் மிதந்தது.

அப்பா, என்று நினைத்தான். அப்பா, அப்பா. மாமல்லபுரம் கடற்கரையில் தோளில் உட்காரவைத்துக்கொண்டு நடந்த அப்பா. நினைக்க நினைக்க அந்தக் குழம்பு அசைந்தது. கெட்டியானது. பாதி உதடு திரண்டது. இமையில்லாத ஒரு கண் திரண்டு அவனைப் பார்த்தது.

பயத்தில் நினைப்பு நழுவியது. கண் வழிந்து இறங்கியது.

மறுபடி நினைத்தான். கண் மேலே ஏறியது.

அதற்கு மேல் திரளவில்லை. விட்டால் போய்விடும். பிடித்தால் இப்படியே இருக்கும். எலும்பில்லாத ஒரு கை போர்வைக்குள்ளிருந்து நீண்டு அவன் மணிக்கட்டைப் பற்றியது. பாதி உதடு பிளந்தது.

"வுட்டுடாதடா."

வாந்தி வாய்வரைக்கும் வந்தது. விழுங்கினான். அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல், நினைத்துக்கொண்டே நின்றான். விரலிடுக்கு வழியாக அப்பா சொட்டிக்கொண்டிருந்தார்.