காயப் போட்ட தொப்பி

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த மணி மறுபடியும் கேட்டது. ஒரே ஒரு சின்ன 'டிங்'. குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஃபிரிட்ஜின் முனகல், மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம், தொட்டியின் துளைக்குள் சோப்பு நுரை உடைந்து உடைந்து இறங்கும் சரசரப்பு எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. எதுவும் மணி இல்லை. இந்த வீட்டில் மணியே கிடையாது. அது பயிற்சி நிலையத்தில், தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் கேட்க வேண்டிய மணி.

மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. பதற்றம் என்று எழுதிய சீட்டோடு வந்த எத்தனையோ பேருக்கு மாத்திரை கொடுத்திருக்கிறாள். அந்தப் பதற்றம் தன் வீட்டுக்கே வந்து சம்மணம் போட்டு உட்காரும் என்று நினைக்கவில்லை. நடுத்தெருவில் மூச்சு முட்டும். சீட்டை நாலு தடவை படித்தாலும் மருந்தின் பெயர் மனதில் நிற்காது. ஒருநாள் மகளை இடுப்பில் வைத்திருந்தபோது கை வெடவெடத்துக் குழந்தையை நழுவவிட்டாள். பிஞ்சு உதடு கிழிந்து, சட்டை முழுக்க ரத்தம். கணவனோ கப்பல் வேலையில், கடலுக்கு நடுவே. அக்காதான் ஓடிவந்து குழந்தையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

"உன் மனசு ஒரு நிலைக்கு வரட்டும்டி. அப்புறம் உன் பிள்ளைய நீயே கூட்டிக்கோ. நான் என்ன பிடுங்கிக்கவா போறேன்?" என்றாள் அக்கா.

மகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் உட்காராத பிள்ளை. அவள் இல்லாத வீடு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. வாலுவைத் திரும்பக் கொண்டுவரத்தான் அந்தப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தாள்.

ஊசி இல்லை, மாத்திரை இல்லை. தொப்பிக்குள் இருக்கும் சின்ன வட்டுகள் மூளையின் அலைகளைப் படிக்கும். திரையில் ஓர் ஆறு ஓடும். மனம் அடங்கினால் படம் பளிச்சென்று ஆகும், மணி அடிக்கும். மனம் அலைந்தால் படம் மங்கும். "மூளை கண்ணாடியில தன்னையே பாத்துத் தலை வாரிக்குது மேடம், அவ்வளவுதான்," என்பார் பயிற்சியாளர். எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கும் மனிதர். நிஜமாகவே கை நடுக்கம் நின்றது. தூக்கம் வந்தது. கடை முதலாளிகூட முகம் தெளிந்துவிட்டது என்றார். வீட்டிலும் மணி கேட்கிறது என்று அவள் சொன்னபோது பயிற்சியாளர் சிரித்தார். "நல்லதுதானே! பாடத்தை மனசு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகுது."

அவளும் நம்பினாள். அன்று பாத்திரங்களைத் துடைத்து அடுக்கி முடித்ததும் வாலுவிடமிருந்து போன் வரும் வரை நம்பினாள்.

"அம்மா, என் பல்லு ஆடுதும்மா. நாக்கால தள்ளினா கதவு மாதிரி தொறக்குது!"

சிரிப்பு தொண்டை வரை வந்தது. வந்ததும் அறை கொஞ்சம் மங்கியது. பல்பைப் பார்த்தாள். எரிந்துகொண்டுதான் இருந்தது. சிரிப்பை விழுங்கினாள். வெளிச்சம் திரும்பியது. டிங். பிடரியிலிருந்து முதுகுவரை இதமாக ஏதோ இறங்கியது. குழந்தை பேசிக்கொண்டே போனது. இவள் சுவரைப் பார்த்தாள். டிங். "அம்மா? பேசும்மா." டிங். குழந்தை அழத் தொடங்கியது. அழ அழ அந்த இதம் கூடியது. அக்கா போனை வாங்கி, சனிக்கிழமை சாயங்காலம் வாலுவைக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது. போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உதறல் எடுத்தது. அதுவும் உள்ளே மட்டும். விரல்கள் அசையவே இல்லை.

சனிக்கிழமை மதியம் கடையிலிருந்து நேராகப் பயிற்சி நிலையத்துக்குப் போனாள். பயிற்சியாளர் அன்று ஜோக் எதுவும் சொல்லவில்லை.

"உக்காருங்க மேடம். ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்ககிட்ட மறைக்க மனசு வரல."

இரண்டு அறைகள், இரண்டு தொப்பிகள். தொப்பிக்கும் கணினிக்கும் இடையில் வயர் கிடையாது. எந்தத் தொப்பியைப் படிப்பது என்று கணினியில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் முதல் நாளே பக்கத்து அறைத் தொப்பியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், அதன்பிறகு மாற்றவே இல்லை. இவள் வரும் நேரத்தில் பக்கத்து அறையில் ஆளே இருக்கமாட்டார்கள். வட்டுகளில் தடவிய பசை போகக் கழுவிய தொப்பியை ஒரு தெர்மகோல் பொம்மைத் தலையில் மாட்டிக் காயப் போட்டிருப்பார்கள். அதை அணைக்கவும் மறந்திருக்கிறார்கள்.

"அப்போ இத்தனை நாள் மணி அடிச்சது?"

"உங்க மனசைப் பாத்து அடிக்கல. ஏதாவது மின்சார இரைச்சலா இருக்கும். ஆனா நீங்க குணமாயிட்டீங்களே மேடம்! இருங்க, காட்டறேன்." பக்கத்து அறைத் தொப்பி இப்போது அனுப்புவதைத் திரைக்குக் கொண்டுவந்தார்.

இரைச்சல் என்றால் கன்னாபின்னாவென்று கிறுக்கியிருக்கும். திரையில் வந்ததோ நிதானமான பெரிய அலைகள். எழுந்து, நின்று, இறங்கின. பிறகு ஒரு காத்திருப்பு. மறுபடி எழுந்தன. பயிற்சியாளர் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனார். "தூங்கறவங்களுக்குக்கூட இவ்வளவு மெதுவா வராதே," என்றார் தனக்குள்.

திறந்திருந்த கதவு வழியாகப் பக்கத்து அறை தெரிந்தது. ஈரப் பசையின் வாடை வந்தது. மேசைமேல் அந்த வெள்ளைத் தலை இருந்தது. கண் இல்லை, வாய் இல்லை. தொப்பி மட்டும் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அவள் கதவை நோக்கி ஓர் அடி வைத்தாள். திரையில் அலை விருட்டென்று உயர்ந்தது. நின்றாள். அலை அடங்கியது. டிங்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வாரங்களாக அந்தத் தலை உட்காரும் விதத்தில் உட்காரத்தான் அவள் பழகியிருக்கிறாள்.

"அணைச்சிடுங்க," என்றாள்.

அவர் ஓடிப்போய்த் தொப்பியின் பேட்டரியைப் பிடுங்கினார். கோடு நின்றது. "முடிஞ்சுது மேடம்," என்று நெற்றி வியர்வையைத் துடைத்தார். படியிறங்கும்போது அவள் காதில் மணி அடித்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தாள். மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து வந்த குரல் காய்கறி விலை கேட்பது போல இருந்தது.

"அக்கா, இன்னைக்கு அவளைக் கூட்டிட்டு வராதே. எனக்குப் பயமா இருக்கு. எனக்குள்ள ஏதோ இருக்கு."

அக்கா சிரித்தாள். "பயப்படறவ பேசற பேச்சாடி இது? முன்னெல்லாம் போன் எடுத்தாலே மூச்சு வாங்க அழுவ. இப்போ செய்தி வாசிக்கிற மாதிரி நிதானமா பேசற. எனக்கே சந்தோஷமா இருக்கு. பக்கத்துல வந்துட்டோம், வை."

அழ வேண்டும். அழுதால் அக்கா நம்புவாள். கண்ணைக் கசக்கினாள். தொடையைக் கிள்ளினாள். ஒரு சொட்டு வரவில்லை. கதவைப் பூட்டிவிட்டு எங்காவது ஓடிவிடலாம் என்று எழுந்தாள். வாசலை நோக்கிப் போகப் போக அறை இருண்டது. கைப்பிடி தெரியவில்லை. தன் கையே தெரியவில்லை. பின்னால் வந்தால் வெளிச்சம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் இதமாக இருந்தது.

வாலுவோடு அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவள் முழங்கால்மேல் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"உன்னை இப்படிப் பாத்து எவ்வளவு நாளாச்சு!" அக்காவின் கண் கலங்கியது. தங்கையின் தலையைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு விரல் எழுந்தது. இருட்டு. விரல் படிந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு. அம்மாவும் பொண்ணும் நல்லாப் பேசுங்க," என்று அக்கா கிளம்பினாள். கதவு சாத்திக்கொண்டது.

"அம்மா! பல்லு விழுந்துடுச்சு பாரு!" வாலு வாயைத் திறந்து காட்டினாள். குதித்தாள். அம்மாவின் மோவாயைப் பிடித்து ஆட்டினாள். மடியில் ஏறி, இறங்கி, தோளில் குத்தினாள். அப்புறம் அழுதாள்.

ஓடு கண்ணு. பெரியம்மா இன்னும் தெருமுனைகூடத் தாண்டியிருக்கமாட்டாள். ஓடு.

உதடு பிரியவில்லை.

அழுது ஓய்ந்த குழந்தை எதிர் நாற்காலியில் ஏறியது. அம்மாவையே பார்த்தது. "சிலை விளையாட்டாம்மா?" என்று கேட்டது. விசும்பிக்கொண்டே அம்மாவைப் போலக் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டது. தொங்கிய கால்கள் ஆடின. மெதுவாக ஆடின. நின்றன.

நான் உன்னை அசையாதே என்று சொல்லவில்லை. அசை. என் தங்கமே, அசை. கத்து. எதையாவது உடை.

வாலு சட்டென்று தலையைச் சாய்த்தாள். எதையோ கேட்பவளைப் போல. ஈரம் காயாத முகத்தில் சிரிப்பு மலர்ந்தது. பிறகு தலையை நேராக்கி, அம்மாவைப் பார்த்து அமர்ந்தாள். பல் விழுந்த இடத்திலிருந்து ஒரு துளி ரத்தம் உதட்டைத் தாண்டி மோவாய்க்கு இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை. கண் இமைக்கவும் இல்லை.