பால் வற்றாத கிளைகள்

வெட்டிப் போட்ட மரம் பூத்திருந்தது.

கொல்லைச் சுவரோரம் விறகுபோல அடுக்கி வைத்திருந்த ஈழத்தலரிக் கிளைகளில், மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல், ஓர் இலைகூட இல்லாத நுனிகளில், வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கள் விரிந்திருப்பதை, துணி உலர்த்தப் போனவள் பார்த்தாள். கையிலிருந்த சட்டையின் ஈரம் சொட்டிக் காலை நனைத்தது. அவள் நகரவில்லை.

கணவனின் முதல் மனைவி நட்ட மரம் அது. அதனடியில்தான் ஒருநாள் விழுந்து கிடந்தாளாம்; இதயம் நின்றுவிட்டது என்றார்கள். இரண்டாவதாக வாழ வந்த இவள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாலே போதும், அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்து, தைப்பதை எட்டிப் பார்க்கிற மாதிரி பக்கத்தில் நிற்கும். பொறுக்கமாட்டாமல் மரத்தை வெட்டச் சொன்னாள். அவன் பஸ் டிரைவர். வாய் திறந்து பேசுவதைவிட ஹாரன் அடிப்பது அதிகம். மறுபேச்சில்லாமல் அரிவாளை எடுத்துச் சாய்த்தான். முன்கையில் கீறிக்கொண்டான். மரத்தின் பால் அதில் வழிந்தது. வலிக்கிறதா என்றதற்கு இல்லை என்று தலையாட்டினான். அவள் துணியைக் கிழித்துக் காயத்தில் கட்டினாள். அதன்பிறகு அந்தக் கட்டை அவிழ்க்க அவன் விடவே இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். இதற்கா இப்படி வெளிறிப்போய் நிற்கிறாய் என்று கேட்டாள்.

"அலரி அப்படித்தாம்மா. உள்ள பால் இருக்கிற வரைக்கும், தான் செத்துப்போனது அதுக்குத் தெரியாது."

சாயங்காலம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். கிளைகள் எரிவதற்குப் பதிலாகக் கொதித்தன. வெட்டுவாய்களில் பால் நுரைத்து, யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவதுபோலச் சீறியது. பூக்கள் மட்டும் தீக்குள் வெகுநேரம் வெள்ளையாகவே நின்றன. எல்லாம் சாம்பலானதும் தண்ணீர் தெளித்து, கைகால் கழுவிவிட்டு உள்ளே வந்தாள்.

வாசனை உள்ளே இருந்தது.

புகை வாசனை இல்லை. பூ வாசனை. மிஷினடியில் மோந்து பார்த்தாள். துணி மூட்டையில். தன் தலைமுடியில். எதிலும் இல்லை. படுக்கையறையிலிருந்து வந்தது.

வேலை முடிந்து வந்தவன் விளக்குப் போடாமல் படுத்திருந்தான். கூப்பிட்டாள். அசைவில்லை. கையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. கட்டின் முடிச்சை அவிழ்த்தாள்.

ரத்தம் இல்லை. துணி பாலில் ஊறி ஒட்டியிருந்தது. கீறலின் ஓரங்கள் பச்சையாய் விலகியிருந்தன. நடுவில், முறுக்கிக்கொண்டு, ஒரு வெள்ளை மொட்டு.

பிடுங்கக் கை நீட்டினாள். அவன் கண் திறந்தான்.

அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்குப் பின்னால் பார்த்தான். அவளிடம் ஒருநாளும் சிரித்திராத சிரிப்பு.

"கொஞ்சம் இரு," என்றான், கொஞ்சலாக. "இவ தூங்கட்டும்."

அவள் திரும்பவில்லை. முடியவில்லை. பிடரியில் யாருடையதோ மூச்சு. ஈரமாக. குளிர்ந்து.

அவன் கையில் மொட்டு மெல்ல முறுக்கவிழ்ந்தது.