நாலு தையல்

நாற்காலியின் தலைச்சாய்வில் கறுவாப்பட்டைத் தைலம் மணத்தது.

சாய்ந்த கிஷாந்த் உடனே நிமிர்ந்தான். கொழும்பு ஹெவ்லொக் டவுனில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் இருந்த அந்த ஆய்வறையில் வழமையாக ஸ்பிரிட்டும் ஏசியின் ஈரமும்தான் மணக்கும். கறுவாத் தைலத்தை நெற்றிப்பொட்டில் தடவிக்கொண்டு படுப்பவள் அவனறிய அவன் மனைவி மேனுகா ஒருத்திதான், அவளும் டெங்குக் காய்ச்சலில் செத்துப்போய் ஏழு மாதமாகிறது.

"எனக்கு முதல் இதில ஆர் இருந்தது?"

"ஒஸ்வால்ட் அங்கிள்," என்றாள் ஆய்வை நடத்தும் ஸும்றா, அவனுடைய தொப்பியில் மார்க்கரால் இட்ட புள்ளிக்கு மேலே காந்தச் சுருளைப் பொருத்தியபடி. "ஏன்? ஆடாம இருங்க."

சுருள் சொடுக்கத் தொடங்கியது. டக், டக், டக். யாரோ மண்டையின் இடப்பக்கத்தை நகத்தால் தட்டி, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்பதுபோல இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் இமை துடித்தது. ஒரு நிமிடத்துக்கு மனதில் எத்தனை எண்களைப் பிடித்துவைக்கலாம், காந்தம் அதைக் கூட்டுமா என்பதுதான் ஆய்வு. பத்து நாள். திரையில் எண்கள் ஒவ்வொன்றாக வந்து மறையும். வரிசையாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடிந்ததும் ஸும்றா, "இப்ப அத விட்டுருங்க, புதுசு வருது," என்பாள்.

முதல் நாள் ஆறு எண்ணுக்கு மேல் அவனிடம் நிற்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு வழி கண்டான். எண்களை மேனுகாவில் மாட்டினான். நான்கு: மோவாயில் தையல், யாழ்ப்பாணத்தில் சைக்கிளால் விழுந்தது. இரண்டு: தேத்தண்ணிக்கு அவள் போடும் சீனி. ஆறு: ஆறாம் மாடியில் லிஃப்ட் நின்றபோது அவன் மணிக்கட்டை இறுக்கிய கை. பதின்மூன்று எண்கள் நின்றன. ஸும்றா கைதட்டினாள். அவனிடம் மிஞ்சியிருந்தது மேனுகா மட்டும்தான். வேறு எதில் மாட்டுவது?

ஒவ்வொரு தடவையும், ஸும்றா சொன்னபடியே, விட்டான்.

இன்று எட்டாம் நாள். நான்கு வந்தது. மாட்டப் போனான். மோவாய் இருந்தது. தையல் இல்லை.

ஒன்பதோடு நின்றுவிட்டான்.

வெளியே வாங்கில் அமர்ந்து ஒஸ்வால்ட் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் கிளாக் வேலை, கல்யாணம் கட்டவில்லை.

"தம்பி, எத்தின?"

"ஒம்பது."

"எனக்குப் பத்தொம்பது!" சிரித்தார். "மூண்டாம் நாள் வரைக்கும் நாலு, அஞ்சுதான். அங்கிள், நீங்க வீட்ட போனா எங்களுக்கும் நல்லம் எண்டமாதிரிப் பாத்தா அந்த ஸும்றாப் பிள்ளை. இப்ப பாருங்க."

"எப்பிடி ஞாபகம் வைக்கிறீங்க?"

"நான் எங்க வைக்கிறன்? ஒரு பொம்பிளை வந்து விரலால காட்டுவா. நான் பாத்துச் சொல்றது."

"எந்தப் பொம்பிளை?"

"ஆருக்குத் தெரியும்? வடிவான பிள்ளை. இதில நாலு தையல்." மோவாயைத் தொட்டார். பிறகு வெட்கத்தோடு குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்கும் வரத் தொடங்கிட்டா தம்பி. அம்பத்திரண்டு வயசில எனக்கு வந்த யோகத்தப் பாருங்க."

பிஸ்கட் தூள் ஒட்டிய அந்தத் தடித்த விரல், அவளுடைய தழும்பு எந்த இடத்தில் என்று தேடாமலே போய் நின்றது. கிஷாந்துக்கு அந்த விரலைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

வெள்ளவத்தைக்கு, தன் வீட்டுக்கு, அவன் போகவில்லை. ஒஸ்வால்ட் ஏறிய பஸ்ஸில் ஏறி நான்கு சீட் பின்னால் இருந்தான். அவரது பிடரியில் எண்ணெய் மினுங்கியது. சீனி எத்தனை கரண்டி? தெரியவில்லை. லிஃப்ட் நின்றது. யார் கை? போனில் அவள் படத்தைப் பார்த்தான். கண்ணை எடுத்தான். முகம் போயிற்று. மறுபடி பார்த்தான். எடுத்தான். போயிற்று. கொட்டாஞ்சேனை வரும்வரை அப்படியே.

கோயிலில் ஆறு மணிக்கு மணி அடித்தது. ஒஸ்வால்டின் வீடு இருந்த ஒடுங்கிய ஒழுங்கையில் கருவாடு பொரிக்கும் வாசம். ஒஸ்வால்ட் கதவைத் திறந்து உள்ளே போனார். வெளியே சுவரோடு ஒட்டி நின்றான் கிஷாந்த். கருவாட்டு வாசத்துக்கு ஊடாக, மெல்ல, கறுவாத் தைலம்.

யன்னல் திறந்திருந்தது.

மேசை. இரண்டு கோப்பை. ஒஸ்வால்ட் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவள் நின்றாள்.

சீனி போட்டாள். இரண்டு.

மோவாயில் தையல். எண்ணினான். நான்கு.

அவன் விட்டதெல்லாம் அங்கே இருந்தது. ஒன்றும் குறையவில்லை.

அவள் ஒஸ்வால்டின் தலையின் இடப்பக்கத்தை நகத்தால் தட்டினாள். டக். டக். டக். அவர் புன்னகைத்தார்.

யன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட வாயைத் திறந்தான். பெயர் வரவில்லை.

தட்டுவது நின்றது. அவள் நிமிர்ந்தாள்.

"பிள்ளை, ஆர் அங்க?" ஒஸ்வால்ட் கண் திறக்காமலே கேட்டார்.

"தெரியேல்லை. ஆரோ."

யன்னலடிக்கு வந்தாள். கதவை இழுக்க நீண்ட கை அவன் மணிக்கட்டில் பட்டது. அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பிறத்தியாரைப் பார்க்கும் மரியாதையோடு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆரைத் தேடுறியள் அண்ணை?"

யன்னலைச் சாத்தினாள். உள்ளே கொளுக்கி விழுந்தது.

டக். டக். டக்.