கிரவலுக்குக் கொடுக்காத காணி

படத்தில் சின்னராசாவுக்குப் பாதங்கள் இல்லை.

நெடுங்கேணிக்கு அப்பால் தகப்பன் விட்டுப்போன பன்னிரண்டு ஏக்கர் காட்டைக் றோட்டுக்குப் போடும் கிரவல் மண் வெட்டக் கொடுக்காமல், மானும் கரடியும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பிரேமிளா ஒரு வனப் பாதுகாப்புச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்து நாலு மாதம். அன்றிலிருந்து தமையன் வீட்டார்கூட அவளோடு கதைப்பதில்லை. சங்கத்துக்காரர் பாலை மரத்தில் கட்டிவிட்ட கமரா போனுக்கு அனுப்பும் படங்கள்தான் துணை. மரையும் பன்றியும் வந்துபோவதைப் பார்த்தபடி தனியே சாப்பிடுவாள்.

இன்று மத்தியானம் வந்த படத்தில், அந்தக் காணியை விற்கச் சொல்லி நச்சரித்த புரோக்கர் சின்னராசா அளவு நாடாவோடு நின்றான். சருகு காலை மூடியிருக்கிறதாக்கும் என்று நினைத்தாள். அடுத்த படத்தில் முழங்கால் இல்லை. அதற்கடுத்ததில் இடுப்புவரைதான் இருந்தான். கைகள் இரண்டும் கமராவை நோக்கி நீண்டிருந்தன.

அவனுக்குப் போன் எடுத்தாள்.

"எங்க நிக்கிறீர்?"

"உங்கட காணிக்குள்ளதான், அக்கா."

"கத்திக் கூப்பிட ஏலாதோ?"

"கத்தினால் கேக்கும்."

"ஆருக்கு?"

தொடர்பு அறுந்தது.

தமையனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மண்வெட்டியோடு தனியே காணிக்கு நடந்தாள். மூன்று மாதம் மழை காணாத வெயிலில் சருகு நொறுங்கியது. ஆனால் உள்ளே போகப்போக, அப்போதுதான் கிண்டிய ஈரமண்ணின் வாடை மூக்கில் ஏற, குருவிச் சத்தமும் வண்டுச் சத்தமும் ஒவ்வொன்றாக நின்றுபோய், கடைசியில் அவளுடைய மூச்சு மட்டும்தான் அந்தக் காட்டில் கேட்டது.

பாலையடியில் சின்னராசா கழுத்துவரை நிலத்துக்குள் இருந்தான். சுற்றிவர மண் கல்லாக இறுகிக் கிடந்தது. ஒரு வெடிப்பில்லை.

வெட்டத் தொடங்கினாள்.

"தோண்டாதேங்கோ, அக்கா." அவன் உதடு மட்டும் அசைந்தது.

"பேசாமல் இரும்."

"நான் தாழேல்லை. பிடிச்சு வைச்சிருக்கினம். தோண்டினால் அவையும் மேல வருவினம்."

அவள் நிறுத்தவில்லை. பிடிக்காதவன்தான், விட்டுவிட்டு எப்படிப் போவது? தோள் தெரிந்தது. அக்குளுக்குள் கைகொடுத்து இழுத்தாள்.

இலேசாக வந்தான்.

மிக இலேசாக. கீழிருந்து யாரோ தள்ளிக் கொடுப்பதுபோல.

நெஞ்சு வந்தது. வயிறு வந்தது. அவனைச் சுற்றிக் கைகள்.

ஆண் கைகள். பெண் கைகள். வளையல் போட்ட ஒரு சின்னக் கை. எல்லாம் மண் நிறம். அவை அவனைக் கீழே இழுக்கவில்லை. சட்டையைப் பற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக, ஏறிக்கொண்டிருந்தன.

சின்னராசா கண்ணை மூடிக்கொண்டான்.

அந்தச் சின்னக் கை அவளுடைய மணிக்கட்டைத் தடவியது. மெதுவாக. நாடி துடிக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே இறுக்கிப் பிடித்தது.