பாதிப் பூட்டு

டெலிபோன் அலறியது.

திரைச்சீலை மொத்தக் கடையின் முதலாளி ரிசீவரை எடுத்தார். எதிர்முனையில் ஹோட்டல் மேனேஜர். ஹோட்டல் முழுக்கத் திரைச்சீலை மாற்றப்போகிறவர். இந்த வருஷத்தின் பெரிய மீன்.

"நான் திரைச்சீலைக்கு விலை கேட்டேன். நீங்க முடி வளர்ற எண்ணெய்க்கு விளம்பரம் அனுப்பறீங்க. காலையில இருந்து மெயிலா கொட்டுது... எனக்கு வழுக்கைன்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

"சார்... நாங்க அனுப்பலை சார்..."

"உங்க கடை விலாசத்துல இருந்துதான் வருது. மதியத்துக்குள்ள விலை வரலைன்னா ஆர்டர் எதிர்க் கடைக்கு."

டொக்.

முதலாளி அவசரமாக விலையைத் தட்டி மெயிலில் அனுப்பினார்.

போன வேகத்தில் திரும்பி வந்தது.

மறுபடி அனுப்பினார்... ம்ஹூம்.

கடையின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு போன் பறந்தது. வந்தாள். மாடிப்படிக்கு அடியில், துணி மூட்டைகளுக்கு நடுவே முனகிக்கொண்டிருந்த மெயில் சர்வரைப் பார்த்தாள். விசிலடித்தாள்.

"சார், உங்க சர்வர் ஆயிரக்கணக்குல எண்ணெய் விளம்பரத்தை வெளிய தள்ளிக்கிட்டிருக்கு. அதான் உங்க மெயில்னாலே மத்தவங்க கதவைச் சாத்தறாங்க. தடையை எடுக்கச் சொல்லி எழுதறேன். நாளைக்கு எடுப்பாங்க."

"நாளைக்கா? போன மாசம்தானேம்மா பூட்டு போட்ட?"

"பாதிப் பூட்டு சார். என் ரேட்டைப் பாதியாக் குறைச்சீங்களே... வெளியாள் நுழையாம அடைச்சேன். ஒருத்தர் இத்தனை மெயில்தான் அனுப்பலாம்கற கட்டுப்பாடு, போனுக்கு வர்ற ரகசிய எண், இதெல்லாம் நீங்க வெட்டின பாதியில போயிடுச்சு."

"அப்போ..."

"உள்ளாள்தான் சார்."

முதலாளியின் பார்வை கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த கணக்கர் மேல் விழுந்தது.

கணக்கர் தன் தலையைத் தடவினார். கையில் ஒரு முடிகூடத் தட்டுப்படவில்லை.

"அந்த எண்ணெய் என்கிட்ட இருந்தா நான் ஏன் முதலாளி இப்படி இருக்கேன்?"

நியாயம்தான்.

"பாஸ்வேர்ட் என்ன சார்?" என்றாள் சர்வர் பெண்.

முதலாளி அவள் காதருகே கிசுகிசுத்தார்.

அது கடையின் ரகசிய வார்த்தை. ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். சரக்கின் அசல் விலையை அந்த எழுத்துகளால்தான் சரக்கில் தொங்கும் அட்டையில் எழுதுவார்கள். வாங்குபவருக்கு ஒன்றும் புரியாது. விற்பவருக்கு எதுவரை இறங்கலாம் என்று தெரியும்.

"எங்க தாத்தா காலத்து வார்த்தை. வீட்டுல கூடச் சொன்னதில்லை."

"கடை முழுக்கத் தொங்கவிட்டிருக்கீங்களே சார்... சரி, பழைய பாஸ்வேர்டை அப்படியே விடறேன். மெயில் மட்டும் வெளிய போகாது. ஆள் உள்ள வந்தா எந்தக் கம்ப்யூட்டர்னு காட்டிடும்."

காத்திருந்தார்கள்.

திரை மினுங்கியது.

"வந்தாச்சு சார்... மாடியில இருக்கற லேப்டாப்."

மாடி...! முதலாளியின் வீடு!

படிகளைத் தாவி ஏறினார். சாப்பாட்டு மேஜை நிறைய பாட்டில்கள். நடுவே அவர் மனைவி, நிதானமாக லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

"கடை பேர்ல போனா நம்பி வாங்கறாங்க. அதான்."

"அந்த வார்த்தை உனக்கு எப்படி..."

"எங்கப்பாவும் வியாபாரிங்க. பொண்ணு கொடுக்கறதுக்கு முன்னாடி உங்க கடைக்கு நடையா நடந்து, பேரம் பேசிப் பேசியே எந்த எழுத்துக்கு எந்த எண்ணுன்னு பொருத்திட்டார். கடை எவ்வளவு தாங்கும்னு தெரிஞ்ச பிறகுதான் என்னையே அனுப்பினார்."

"ஆர்டர் போச்சேடி..."

சட்டைப்பையில் செல்போன் துடித்தது. ஹோட்டல் மேனேஜர்!

"விலை ஓகே. சரக்கை அனுப்புங்க."

"விலையா... யார் சார் அனுப்பினது?"

"உங்க வீட்டம்மா. அவங்க சொந்த மெயில்ல. கறாரான ஆள் சார், ஒரு பைசா இறங்கலை." குரல் தணிந்தது. "அப்புறம்... அந்த எண்ணெய் ரெண்டு பாட்டில்..."

முதலாளி மனைவியைப் பார்த்தார்.

"நீங்க கீழ கத்தினது இங்க வரைக்கும் கேட்டுச்சு. கடை மெயில்ல அவர் கேட்டதையும் சாம்பிள் அட்டையில அசலையும் பார்த்தேன், விலை போட்டேன். நீங்களா இருந்தா மூணாவது 'சார்'லயே கவுந்திருப்பீங்க."

படியில் சர்வர் பெண்ணின் தலை தெரிந்தது.

"மீதிப் பூட்டையும் போடட்டுமா சார்? முழு ரேட்."

"போடும்மா..."

"புதுப் பாஸ்வேர்டை யார்கிட்ட கொடுக்கறது?"

முதலாளி நாற்காலியில் சரிந்தார்.

"அவகிட்டயே கொடுத்துடும்மா. எனக்கு வேணும்னா பேரம் பேசி வாங்கிக்கறேன்."