இடது பக்கத்தில் ஒரு சூடு

கீழ்க்கட்டளை ஏரிக்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, நசீருதீன் ஒரு தூண்டிலை வேதசிரோமணியின் கையில் கொடுத்தான்.

"மீன் மாட்டலன்னாலும் பரவால்ல சார். தக்கையவே பாத்துக்கினு குந்துங்க. மனசு கொஞ்சம் ஆறும்."

அது 1967. வேதசிரோமணி தாம்பரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய ஒரே மகள் பியூலா, ஏழு வயது, டைபாய்டில் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. சைக்கிள் கடை வைத்திருந்த நசீருதீனுக்கு அவர் இருந்த இருப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மனசு ஆறத்தான் செய்தது. பள்ளி விட்டதும் அவர் தனியாகவே போக ஆரம்பித்தார். பாசி நாற்றம், கோரைப்புல் உரசும் சத்தம், தண்ணீரில் நிற்கும் தக்கை. அதைப் பார்த்திருக்கும்வரை மகளை வைத்துப் புதைத்த அந்தச் சின்னப் பெட்டி நினைவுக்கு வரவில்லை.

மார்கழியில் ஒரு மாலை. குளிர்ந்த காற்றில் உட்கார்ந்திருந்தவரின் இடது கையில் சூடு பட்டது. காய்ச்சல்காரக் குழந்தை ஒட்டி உட்கார்ந்தது போன்ற சூடு.

"அப்பா, தக்கை அசையுது."

தக்கை அசையவில்லை.

அடுத்த நொடி அசைந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாளோ என்று பயம். அன்றிலிருந்து ஒரு நாளும் தவறாமல் போனார்.

அவர் மனைவி ரத்தினபாய் வீட்டிலேயே கிடந்தாள். கொண்டுவந்த மீனை ஆய்ந்து குழம்பு வைப்பாள், தொடமாட்டாள். ஒரு நாள் கேட்டாள்.

"சிரிச்ச முகமா வர்றீங்க. அங்க யார் இருக்கா?"

அவரால் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டார்.

"பெத்தவ நான். என்னையும் கூட்டிட்டுப் போகணும்னு தோணலையா உங்களுக்கு?"

சனிக்கிழமை கூட்டிப்போனார். அவருக்கு இடப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு அவள் உட்கார்ந்தாள். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காற்று நின்றது. கோரைப்புல் அடங்கியது.

சூடு வந்தது.

வலது பக்கம்.

"அப்பா, அம்மாவப் போகச் சொல்லு."

அவர் தூண்டிலை இறுகப் பிடித்தார்.

"வந்துட்டாளா?" ரத்தினபாய் கிசுகிசுத்தாள். "என்ன சொல்றா?"

"ஒண்ணுமில்ல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கிறாள்னு அடிச்சு அனுப்பினேனே, அன்னைக்கு. உடம்பு கொதிச்சிருக்கு. நான் தொட்டுக்கூடப் பார்க்கல. அதத்தானே சொல்றா?"

அவர் தூண்டிலை முறித்து ஏரியில் எறிந்தார். இனி இங்கே வருவதில்லை என்றார். மனைவிக்காகத்தான் அப்படிச் செய்தார்.

"எனக்கு இல்லேன்னா உங்களுக்கும் வேணாம்னு நான் சொன்னேனா?" என்றாள் அவள்.

வீட்டில் விளக்கேற்றி, ஜெபத்துக்கு இருவரும் பாயில் முழங்காலிட்டார்கள். ரத்தினபாய் பாட்டைத் தொடங்கினாள். அவரும் சேர்ந்து பாடினார். இரண்டாவது அடியில் சட்டென்று நிறுத்தினார்.

மூன்றாவதாக ஒரு குரல், அவர் காதருகே பாடிக்கொண்டிருந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க? ஏதாவது கேக்குதா?"

"இல்ல," என்றார்.

ரத்தினபாய் இந்த முறை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய சட்டைக் கையைப் பார்த்தாள்.

சின்ன விரல்கள் பற்றி இழுப்பதுபோல, அதன் நுனி கூராக நீண்டு நின்றது.